முப்பதாம் நாள் போன் போடுகிறவள்

டாக்டர் இதயத்தில் ஸ்டென்ட் வைப்பார். வைத்துக்கொண்டு போன ஆள் முப்பதாம் நாள் உயிரோடு இருக்கிறாரா என்று போன் போட்டுக் கேட்டு எழுதுவது என் தொழில்.

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனை. அதில் கேத் லேப் என்று ஒரு குளிர்ந்த அறை. மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு இதயத்து அடைப்பை நீக்குவது அங்கேதான். அதை ஒட்டிய பொந்து மாதிரியான இடத்தில் ஒரு கம்ப்யூட்டரும் நானும். நாடு முழுக்க நடக்கிற இதய சிகிச்சைகளை எல்லாம் ஒரே பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். வயது, சர்க்கரை, எந்தக் குழாயில் அடைப்பு, எத்தனை ஸ்டென்ட் என்று பக்கம் பக்கமாகக் கட்டங்கள். கடைசிக் கட்டம், முப்பதாம் நாள் நிலை. அதை வைத்துத்தான் எந்த மருத்துவமனை எப்படி என்று ஆண்டுக்கொருமுறை ஊரறிய வெளியிடுவார்கள்.

படிவம், பாஸ்வேர்டு, கடைசித் தேதி என்று ஏதோ ஒன்றிடம் மாட்டிக்கொண்டு வாழும் அன்பர்களே, நான் பயந்த கதைகளை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? மற்றவர்கள் "ஏசி ரூம் வேலைதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஷார்ஜாவில் அடித்த மணி

முப்பதாம் நாள் போன் போடும்போது எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எடுக்கிறவர் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்பது முதல் "ஹலோ"விலேயே தெரிந்துவிடும். அந்த ஹலோவுக்கு முந்தைய அரை நிமிடம் இருக்கிறதே, அது என் எதிரிக்கும் வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மார்த்தாண்டம் பக்கத்துப் பெரியவர் ஞானதாஸுக்குப் போட்டேன். படிவத்தில் இருந்தது ஒரே நம்பர். ஆண் குரல் ஒன்று எடுத்தது. "ஆஸ்பத்திரியில் இருந்து பேசுகிறோம், ஐயாவுக்கு ஸ்டென்ட் வைத்து முப்பது நாள் ஆகிறது, இப்போது எப்படி இருக்கிறார்?" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். பிறகு, "ஸ்டென்டா? அப்பாவுக்கா?" என்றது குரல். அது ஷார்ஜாவில் வேலை பார்க்கும் மகனின் நம்பர். அவன் பயந்துபோவான் என்று வீட்டில் யாரும் அவனிடம் மூச்சு விடவில்லை. நான் திக்கித் திணறுவதற்குள் போன் கட் ஆகிவிட்டது.

நாலாம் நாள் என் அறை வாசலில் மகன் கண் சிவந்து நிற்கிறான். பக்கத்தில் ஞானதாஸ். அடி விழப்போகிறது என்றே நினைத்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பெரியவர் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வற்றலை மேசையில் வைத்தார்.

"நாலு வருசமாட்டு லீவு இல்லண்ணு சொன்ன பய, ஒனக்க ஒரு போனுக்கு பிளேன் ஏறி வந்துட்டான். மாசத்துக்கு ஒருக்கா போடு மக்களே."

பேனரில் கண்ட முகம்

போனை எடுக்காதவர்கள் நிறைய. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற பயத்திலேயே எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. வடசேரியில் இருந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கண்ணீர் அஞ்சலி பேனர்களை ஒன்று விடாமல் பார்ப்பேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் சினிமா போஸ்டர் பார்ப்பார்கள். நான் செத்தவர்களைப் பார்ப்பேன்.

ஒருநாள் ஒரு முச்சந்தியில் பஸ் மெதுவாகத் திரும்பியது. பேனரில் எனக்குத் தெரிந்த மீசை. இரண்டு வாரமாக நான் போன் போட்டும் கிடைக்காத செல்லையன். மறுநாள் வந்ததும் அவர் பெயருக்கு நேரே "மரணம்" என்று பதிந்துவிட்டு, மனசு ஆறாமல் சர்ச்சில் அவருக்காக ஜெபமும் செய்தேன்.

அடுத்த வாரம் மாத்திரை வாங்கும் வரிசையில் அதே மீசை நிற்கிறது. நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என்ன ஏது என்று அவரே வந்து விசாரித்தார். வாய் உளறி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இறந்தவர் அவருடைய மச்சான். நம் ஊர் பேனரில் இறந்தவர் படத்துக்குக் கீழே துக்கப்படுகிறவர்கள் படத்தையும் வரிசையாகப் போடுவார்கள் அல்லவா? நான் பஸ்ஸில் இருந்து பார்த்தது அந்த வரிசையை. பதிவேட்டில் ஒருமுறை ஏறிய மரணத்தை மாற்ற, ஆள் உயிரோடு இருக்கும் ஆதாரமும் டாக்டர் கையெழுத்தும் வேண்டும். காரணம் எழுதும் கட்டத்தில் என்ன எழுதுவது என்று நான் முழித்துக்கொண்டிருக்க, செல்லையன் எனக்குப் பாடம் எடுத்தார்.

"மேல பெரிசாட்டு இருக்கியது செத்தவன், கீழ சின்னதாட்டு நிக்கியது அழுதவன். படிச்ச பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?"

புதிய படிவம்

பிறகுதான் பெரிய வினை வந்தது. பதிவேட்டை நடத்துகிற தலைமை அலுவலகம் அதைப் புதுப்பித்தது. பழைய தகவல்களை எல்லாம் புதிய படிவத்துக்கு மாற்றி ஏற்றுங்கள், இரண்டு வாரம் அவகாசம் என்றார்கள். இருநூற்றுச் சொச்சம் கட்டங்கள். சில கட்டங்கள் இடம் மாறியிருந்தன, சிலவற்றைக் காணவே இல்லை. தூக்கத்தில்கூட "இடது பிரதான குழாய்" என்று உளறுகிறாய் என்றார் என் வீட்டுக்காரர்.

ஒருவழியாக ஏற்றி முடித்து பட்டனை அமுக்கினேன். "எல்லாப் பதிவுகளும் ஏற்கப்பட்டன" என்று பச்சை எழுத்தில் வந்தது. ஒரு பிழைகூட இல்லை! எனக்கு ஆடத் தோன்றியது. எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். கேத் லேப் டெக்னீஷியன் ஜெபசிங், எந்த மெஷினையும் நம்பாத ஆள், பழம்பொரியைக் கையில் வைத்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார்.

"ஒரு பிழையும் காட்டல்லேண்ணா, எனக்கு அதுதான் பயமாட்டு இருக்கு அக்கா."

மெயில்

இரண்டு மாதம் கழித்து அந்த மெயில் வந்தது. ஒரு காலை நேரம், டீ பாதி குடித்திருந்தேன். "தங்கள் மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பின் முப்பது நாளுக்குள் நிகழ்ந்த மரணங்கள் எதிர்பார்க்கும் அளவைவிட மிக அதிகமாக உள்ளன. மூன்று வாரத்துக்குள் விளக்கம் வராவிட்டால் இந்த விவரம் இப்படியே வெளியிடப்படும்." டாக்டருக்கும் நகல் போயிருந்தது. மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை எழுத்துகள் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர்.

சிவதாணு டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேச்சு குறைவு. வயல்காரக் குடும்பம், இன்றும் அறுவடைக்கு லீவு கேட்பார். மற்றவர்கள் கை வைக்கத் தயங்கும் கேஸ்களை அவர் தயங்காமல் உள்ளே எடுப்பார். அன்று மதியம் மலைப்பக்கமிருந்து அப்படி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "திருவனந்தபுரம் கொண்டு போங்க" என்றார். சைரன் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டியது. திருவனந்தபுரத்துக்கு இரண்டு மணி நேரச் சாலை, அதன் நெரிசல் உங்களுக்குத் தெரியும். அந்த மனிதர் பிழைத்தார் என்று மறுநாள் தகவல் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர் கை பயந்துவிட்டால் இனி வருகிறவர்கள் எல்லாரும் அந்தச் சாலையில்தான் போக வேண்டும். எத்தனை பேர் போய்ச் சேருவார்கள்?

மெயில் வந்த அன்று மாலையே டாக்டர் என் அறைக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததே இல்லை. உட்கார வேறு நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே கேட்டார்.

"சுகிர்தா, நான் இத்தனை பேரைக் கொன்னிருக்கேனா?"

இறந்துபோன டீச்சர்

நானும் ஜெபசிங்கும் மரணப் பட்டியலைத் திறந்தோம். மூன்றாவது பெயர் ரோஸ்லெட் டீச்சர். போன ஞாயிறுகூட எங்கள் சர்ச் பாடகர் குழுவில் எனக்கு முன்வரிசையில் நின்று, சுருதி விலகியதற்காக என்னைத் திரும்பி முறைத்தவர். அவர் எப்படி இறந்தார்?

ஜெபசிங்தான் கண்டுபிடித்தார். பழைய படிவத்தில் ஒன்று என்றால் உயிருடன், இரண்டு என்றால் மரணம், மூன்று என்றால் போனில் கிடைக்கவில்லை. புதிய படிவத்தில் இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றியிருக்கிறார்கள். நான் எண்ணைப் பார்த்தேனே தவிர, எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை. போனை எடுக்காத அத்தனை பேரையும் ஒரே பட்டனில் கொன்றிருக்கிறேன். முப்பதாம் நாள் வெளியூர் போயிருந்த டீச்சரும் அதில் ஒருவர், திரும்பி வந்த பிறகும் நான் திருத்தவில்லை. உண்மையில் இறந்த நான்கைந்து பேர் போனை எடுக்காதவர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் கை தப்பவில்லை என்று தெரிந்ததும் வந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட இல்லை. தப்பியது என் கை. வேலை போய்விடும், மகள் கல்லூரியில் இருக்கிறாள், இதையெல்லாம் நினைத்துக்கொண்டு கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கிருந்தே டீச்சருக்குப் போன் போட்டேன். அவர் குரலைக் கேட்டதும் அழுகையை அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆண்டவர் கூப்பிடதுக்கு முந்தி நீயே என்னை அனுப்பி வச்சிட்டியா ஏட்டி?"

டாக்டர் கையெழுத்துப் போடவில்லை

டாக்டரிடம் போய் நின்றேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் பட்டியலை வாங்கி விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு போனார். "அப்போ இவங்க எல்லாரும் உயிரோட இருக்காங்களா?" என்றார். "தெரியாது டாக்டர். போன் எடுக்கவில்லை, அவ்வளவுதான்" என்றேன். பழையபடி "கிடைக்கவில்லை" என்று மாற்றி, அவர் கையெழுத்தோடு தலைமை அலுவலகத்தைக் கெஞ்சிக் கேட்டுப் பார்க்கலாம் என்று தாளை நீட்டினேன். பேனாவைத் திறந்தவர் மூடிவிட்டார்.

"தெரியாதுன்னு எழுதி என்னைக் காப்பாத்தாண்டாம். ஆளு உண்டா இல்லையான்னு பாத்து எழுது."

கீரிப்பாறையில்

பதினாறு நாள் மிச்சம். சபை செக்ரட்டரிகள், ரேஷன் கடைக்காரர்கள், மீன் விற்கிற அக்காமார் என்று யாரையும் விடவில்லை. "இவர் நல்லா இருக்கிறாரா?" என்று கேட்டால் ஊர்க்காரர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒருவர் எல்ஐசி ஏஜென்ட் என்றார், இன்னொருவர் மகளுக்கு மாப்பிள்ளை விசாரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அந்த வீட்டுப் பையனின் குணநலன் எல்லாம் சொன்னார். ஒவ்வொரு வீட்டுப் படியிலும் முதலில் வாசலில் துக்க வீடு மாதிரி செருப்புக் கூட்டம் கிடக்கிறதா என்று பார்ப்பேன். உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டால் எனக்கு உயிர் வரும்.

கீரிப்பாறைக்கு எஸ்டேட் பஸ்ஸில் போனேன். ரப்பர் பால் வெட்டும் தங்கம் என்ற பெண்ணுக்கு அங்கே போன் டவரே கிடையாது. பால் அளக்கிற கொட்டகையில் நின்று கேட்டேன். "தங்கமா?" என்றாள் ஒருத்தி. மற்றவளைப் பார்த்தாள். அவ்வளவுதான், போய்விட்டாள் போலிருக்கிறது என்று எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. விஷயம் வேறு: பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் வாளி தூக்குகிறாளாம், ஆஸ்பத்திரியில் இருந்து ஆள் வந்தால் மாட்டிவிடக் கூடாதே என்று இவர்கள் கண்ஜாடை காட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையிலும் பால் வாளியோடு தங்கமே மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் சேலையெல்லாம் ரப்பர் பால். கையெழுத்து வாங்க பேனாவையும் தாளையும் நீட்டினேன்.

"தாள இறுக்கிப் பிடி மக்கா. ஆடியது ஒனக்க கைதான், எனக்க கை இல்ல."

கடைசிப் பெயர்

ஒவ்வொருவராகக் கிடைத்தார்கள். ஒருவர் மகளோடு கோயம்புத்தூரில், ஒருவர் கடலுக்குப் போயிருந்தார், ஒருவர் போனைக் கிணற்றில் போட்டிருந்தார். மூன்று நாள் மிச்சமிருக்க, கடைசியாக ஒரே பெயர். ஆறுமுகப் பிள்ளை, சுசீந்திரம் பக்கத்தில் நெல்வயல் சூழ்ந்த ஓர் ஊர். போன் மணி அடிக்கும், யாரும் எடுப்பதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே எனக்குச் சரியில்லை என்று பட்டது. வாசலில் செருப்புக் கூட்டம் இல்லை, ஆனால் முன்னறையில் அவர் படம், அதற்கு மாலை.

அவர் மனைவி செண்பகம் அம்மாள் என்னை உட்காரச் சொன்னார். இருபத்தொன்பதாம் நாள். காலையில் காப்பியோடு எழுப்பப் போயிருக்கிறார், எழுந்திருக்கவில்லை. "எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா, எத்தனை முறை போன் போட்டேன்" என்றேன். அவர் முகத்தில் குற்றம் செய்தவர் போல ஒரு வெட்கம். "போன் அடிக்கும்போதெல்லாம் பாத்துட்டுதான் இருப்பேன் மக்கா. அந்த டாக்டர் உடுப்பெல்லாம் நனைஞ்சு வெளியே வந்து, பொழச்சுக்கிட்டாரு அம்மான்னு எங்கிட்ட சிரிச்சாரு. அவ்வளவு பாடுபட்டவருகிட்ட எந்த வாயால இல்லேன்னு சொல்ல?" என்றார்.

ஆண்டுக்கணக்காக நான் பயந்து பயந்து போட்ட போனை, அந்தப் பக்கம் ஒருத்தி என்னைவிடப் பயந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். படிவத்தை எடுத்தேன். நாள், நேரம், காரணம் எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் மடிக்கும்போது கையை நீட்டித் தடுத்தார்.

"இருபத்தொம்பது நாளு எனக்ககூட இருந்து சாப்பிட்டாரு, வயலப் பாத்தாரு, என்னைய வைதாரு. அதை எழுதியதுக்கு இதுல எடம் உண்டா மக்கா?"

மேசை

இடம் இல்லை. இருப்பது "மரணம்" என்ற ஒரு கட்டம்தான். திரும்பி வந்து அதன்முன் உட்கார்ந்திருந்தேன். ஜெபசிங் விஷயத்தைக் கேட்டார். "ரெண்டு நாள்தானே அக்கா. முப்பத்தொண்ணுண்ணு போட்டா கணக்குல வராது. அந்த ஊருக்கு யாரு வந்து பாக்கப் போறா?" என்றார் மெதுவாக. அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் மறுபடி நோயாளியைத் தொடாமல் திருவனந்தபுரம் அனுப்புவதைப் பார்க்க அவருக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். முப்பத்தொன்று அடிக்க விரல் மூன்றின் மேல் போய் நின்றது. பிறகு அந்த அம்மாள் கையை நீட்டித் தடுத்தது நினைவுக்கு வந்தது. இருபத்தொன்பது என்றே அடித்தேன்.

மறுநாள் காலை தாள்களைக் கொண்டுபோய் டாக்டர் முன்னால் வைத்தேன். உயிரோடு இருப்பவர்களின் கையெழுத்துகளை அவர் பார்க்கவே இல்லை. கடைசித் தாளை மட்டும் எடுத்தார். "வலிச்சிருக்குமா?" என்றார். தூக்கத்திலேயே என்றேன். அந்த அம்மாள் போன் எடுக்காத காரணத்தையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

அப்போது வாசலில் ஆம்புலன்ஸ். கடற்கரை ஊரிலிருந்து ஒருவர், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், பின்னால் தலைவிரி கோலமாக மனைவி. ஜெபசிங் படத்தைக் காட்டினார். மோசமான இடத்தில் அடைப்பு. டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். டிரைவர் வண்டியை இன்னும் அணைக்கவில்லை. திருவனந்தபுரமா என்று கேட்கிற மாதிரி எல்லாரையும் பார்த்தார். டாக்டர் கையுறையைக் கேட்டு வாங்கினார். மாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"மேசையில ஏத்துங்க. சுகிர்தா, இவருக்க முப்பதாம் நாள் போனை நானே போடுகேன், நீ பக்கத்துல நின்னாப் போதும்."

முப்பது நாள் கடந்துவிட்டால் நோயாளிக்கு விடுதலை உண்டு அன்பர்களே. பதிவேடு நிரப்புகிறவளுக்கோ மறுநாள் காலை இன்னொருவரின் முப்பதாம் நாள்.